சுற்றாத எலக்ட்ரானும் அச்சில் வந்த வட்டங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் சென்ற வாரம் வெளியான, அணுவின் அமைப்பைப் பற்றிய அறிமுகக் கட்டுரையையும், அதனுடன் அரைப்பக்க அளவில் அச்சாகியிருந்த வண்ணப் படத்தையும் கண்டேன். அறிவியலுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கி ஒரு தொடரைத் தொடங்கியிருப்பது பாராட்டுக்குரியது. நான் பல்லாண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எளிமை கருதிக் கட்டுரையாளர் பலவற்றைச் சொல்லாமல் விட்டிருப்பதில் எனக்கு வழக்கில்லை. இணைப்பிதழின் ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது. ஆனால் விட்டது வேறு, தவறாகச் சொன்னது வேறு. தவறாகச் சொல்லப்பட்டவற்றுள் முதன்மையானவை அந்தப் படத்திலிருந்தே பிறந்தவை என்பதால் படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

படத்தின் நடுவில் சிவப்பும் நீலமுமான உருண்டைகள் சேர்ந்த அணுக்கரு அரை சென்டிமீட்டர் அகலத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி இரண்டு வட்டங்கள். வட்டங்களின்மேல் கோத்த மணிகளைப் போல எலக்ட்ரான்கள். கீழே 'கார்பன் அணு' என்ற குறிப்பு. சூரியனைக் கோள்கள் சுற்றிவருவதுபோல அணுக்கருவை எலக்ட்ரான்கள் சுற்றிவருகின்றன என்று கட்டுரை அதற்கு விளக்கமும் தருகிறது.

அளவைப் பற்றி ஒரு சொல். கார்பன் அணுவின் குறுக்களவு ஏறத்தாழ 0.15 நானோமீட்டர், ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்பன் அணுக்களை வரிசையாக நிறுத்திவிடலாம். அதன் அணுக்கரு, அணுவைவிடச் சுமார் 30,000 மடங்கு சிறியது. ஆகவே அணுக்கருவை அரை சென்டிமீட்டருக்கு வரைந்தால் அணுவின் விளிம்பைத் தொட ஏறத்தாழ 150 மீட்டர் அகலமுள்ள தாள் வேண்டும். அணுவின் நிறையில் 99.97 விழுக்காடு அந்த அரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஆறு எலக்ட்ரான்களும் சேர்ந்து மிச்சமுள்ள 0.03 விழுக்காட்டுக்கு மட்டுமே பொறுப்பு. அணுக்கருப் பொருளை மட்டும் ஒரு கன சென்டிமீட்டர் அளவுக்குத் திரட்ட முடியுமானால் அதன் நிறை 20 கோடி டன்னைத் தாண்டும். இத்தகைய விகிதத்தை எந்த அச்சகத்தாலும் தாளில் காட்ட இயலாது. 'அளவு விகிதப்படி வரையப்பட்டதன்று' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். எனவே அளவை நான் பெரிய குற்றமாக்கவில்லை. வட்டங்களைத்தான் குற்றம் சொல்கிறேன்.

அந்த வட்டங்கள் வந்த வரலாறு மதிப்புக்குரியது. 1897இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன், காற்று நீக்கிய குழாயில் எதிர்மின்முனையிலிருந்து கிளம்பும் கேதோடு கதிர்களை ஆராய்ந்து, அவை எதிர்மின்சுமை கொண்ட துகள்கள் என்றும், எந்த அணுவைவிடவும் மிக மிக இலேசானவை என்றும் காட்டினார். எலக்ட்ரானின் நிறை, அணுக்கருவிலுள்ள நேர்மின்சுமைத் துகளான புரோட்டானின் நிறையில் 1,836இல் ஒரு பங்கு என்பது இன்று நமக்குத் தெரியும். அணு மின்சுமையற்றது, அதற்குள் எதிர்மின்சுமை இருக்கிறதென்றால் ஈடுகட்டும் நேர்மின்சுமையும் எங்கோ இருந்தாக வேண்டும். அது அணு முழுவதும் பரவிக்கிடக்கிறது, அதற்குள் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்று தாம்சன் கருதினார். 1909இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும், அப்போது இருபது வயதே ஆன மாணவரான மார்ஸ்டனும், மெல்லிய உலோகத் தகடுகளின்மேல், கதிரியக்கப் பொருள்கள் உமிழும் நேர்மின்சுமைத் துகள்களான ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினார்கள். இருட்டறையில் அமர்ந்து, துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் தோன்றும் நுண்ணிய ஒளிப்பொட்டுகளை நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக எண்ண வேண்டிய வேலை அது. ஏறக்குறைய எல்லாத் துகள்களும் தடையின்றிச் சென்றன. ஆனால் பிளாட்டினத் தகட்டில் ஏறத்தாழ 8,000 துகள்களுக்கு ஒன்று வந்த பக்கமே திரும்பியது. நேர்மின்சுமை பரவிக்கிடந்தால் இது நடக்கவே முடியாது. அது நடுவில் ஒரு புள்ளியளவு இடத்தில் திரண்டிருந்தால்தான் நடக்கும். 1911இல் ரூதர்ஃபோர்டு வெளியிட்ட இந்த முடிவிலிருந்துதான் அணுக்கரு பிறந்தது.

கனத்த ஒன்று நடுவில், இலேசானவை வெளியில், இரண்டுக்கும் இடையே ஈர்ப்பு என்றவுடன் சூரியக் குடும்பம் நினைவுக்கு வருவது இயல்பே. அந்த உவமை அன்றே சிக்கலில் மாட்டிக்கொண்டது. மின்சுமையுள்ள ஒரு துகள் வளைந்து செல்லுமானால் அது மின்காந்த அலைகளை வீசி ஆற்றலை இழந்துகொண்டே இருக்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நன்கு நிறுவப்பட்ட விதி. கோள்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. எலக்ட்ரான் உண்மையிலேயே கோளைப் போலச் சுற்றினால், ஹைட்ரஜன் அணு ஒரு நொடியின் பத்தாயிரம் கோடியில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்குள் சுருண்டு அணுக்கருவில் விழுந்துவிடும். அதாவது, தங்கள் இணைப்பிதழில் அச்சான அந்தப் படம் உண்மையானால், அதை அச்சடித்த மையும் தாளும் இருந்திருக்காது.

1913இல் நீல்ஸ் போர், எலக்ட்ரானுக்குச் சில குறிப்பிட்ட பாதைகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டவை, அவற்றில் சுற்றும்வரை அது ஆற்றலை இழக்காது என்று ஒரு நிபந்தனையை வைத்தார். ஏன் இழக்காது என்பதற்கு அவரிடம் விடை இல்லை. ஆனாலும் ஹைட்ரஜன் உமிழும் ஒளியின் நிறமாலைக் கோடுகளை, 656 நானோமீட்டரில் உள்ள சிவப்புக் கோடு உள்பட, எலக்ட்ரானின் நிறை, மின்சுமை, பிளாங்க் மாறிலி ஆகியவற்றிலிருந்தே அவரால் கணக்கிட முடிந்தது. இது சாதாரண வெற்றியன்று. ஆனால் இரண்டே எலக்ட்ரான்கள் உள்ள ஹீலியத்துக்கு வந்தபோது அதே முறை கைவிட்டது. 1925-க்கும் 1927-க்கும் இடையில் ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், பவுலி முதலியோரின் உழைப்பால், நுண்துகள்களின் இயக்கத்தை விளக்கும் குவாண்டம் விசையியல் உருவானதும் போரின் வட்டங்கள் ஓய்வு பெற்றுவிட்டன. நாம் இன்று மாணவர்களுக்கு அச்சிட்டுக் கொடுப்பது பன்னிரண்டு ஆண்டுகள் மட்டுமே பணியில் இருந்த ஒரு மாதிரியை. நூறாண்டுகளாகியும் அதற்குப் பிரிவு உபசாரம் நடத்த நமக்கு மனம் வரவில்லை.

வட்டப்பாதை இல்லை என்றால் எலக்ட்ரான் என்னதான் செய்கிறது? அது வெறும் துகளன்று என்பதில்தான் விடை இருக்கிறது. 1924இல் லூயி டி பிராய், எலக்ட்ரானுக்கு அலைத்தன்மையும் உண்டு என்று முன்மொழிந்தார். 1927இல் அமெரிக்காவில் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தில் எலக்ட்ரான்களைச் சிதறவிட்டு, அவை அலைகளைப் போலவே ஒன்றோடொன்று குறுக்கிட்டு வலுத்தும் மெலிந்தும் தோன்றுவதைக் கண்டார்கள். அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் ஜி. பி. தாம்சன் மெல்லிய ஏடுகளின் வழியே எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தி அதையே நிறுவினார். இவர் ஜே. ஜே. தாம்சனின் மகன். எலக்ட்ரான் துகள் என்று காட்டிய தந்தைக்கு 1906இலும், அது அலை என்று காட்டிய மகனுக்கு 1937இலும் நோபல் பரிசு கிடைத்தது. இருவரில் ஒருவர் காட்டியது பொய் என்று யாரும் சொல்லவில்லை.

அலையை ஒரு சிற்றிடத்தில் அடைத்தால் அதன் அலைநீளம் குறுக வேண்டும். அலைநீளம் குறுகினால் உந்தம், அதாவது நிறையையும் வேகத்தையும் பெருக்கிய அளவு, கூடும். உந்தம் கூடினால் இயக்க ஆற்றல் கூடும். எலக்ட்ரானை அடைக்கும் இடத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆனால் அணுக்கருவுக்கு அவ்வாறு நெருங்கி வருவதால் மின்கவர்ச்சி தரும் ஆதாயமோ இரண்டு மடங்குதான். நெருங்க நெருங்கச் செலவு நான்கு மடங்கு, வரவு இரண்டு மடங்கு என்றால், ஓர் எல்லைக்கு மேல் நெருங்குவது கட்டுப்படியாகாது. அந்த வரவும் செலவும் ஈடாகும் இடத்தில் எலக்ட்ரான் நிலைகொள்கிறது. ஹைட்ரஜனில் அந்தத் தொலைவு 0.053 நானோமீட்டர். அணுவுக்கு ஓர் அளவு உண்டு என்பதற்கும், அது சுருண்டு விழாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே. சுற்றுவதால் விழாமல் இருக்கிறது என்பது நிலவுக்குப் பொருந்தும் விளக்கம், எலக்ட்ரானுக்குப் பொருந்தாது.

இந்தக் கணக்கைச் சரிபார்க்கவும் வழி உண்டு. செலவு எலக்ட்ரானின் நிறையைப் பொறுத்தது; நிறை கூடினால் செலவு குறையும், அணு சுருங்கும். எலக்ட்ரானின் அதே மின்சுமையும் அதைப்போல் 207 மடங்கு நிறையும் கொண்ட மியூவான் என்ற துகளை ஹைட்ரஜனில் எலக்ட்ரானுக்குப் பதிலாகப் பொருத்தினால், கிடைக்கும் அணு ஏறத்தாழ 190 மடங்கு சிறியதாக இருக்கிறது. 2010இல் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் புரோட்டானின் ஆரத்தை அதுவரை இல்லாத நுட்பத்துடன் அளக்க இந்தச் சுருங்கிய அணுவைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஹைட்ரஜன் அணுவின் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையில் எலக்ட்ரானுக்கு அணுக்கருவைச் சுற்றும் கோண உந்தம் பூச்சியம். சுழியம் என்றால் சுழியம். அது சுற்றவே இல்லை. அணுக்கருவை மையமாகக் கொண்டு எல்லாத் திசைகளிலும் ஒரே சீராகப் பரவிய மேகம்போல அதன் இருப்பு அமைகிறது. அந்த மேகம் நடுவில் அடர்ந்தும் வெளியே போகப்போக மெலிந்தும் இருக்கும். அணுக்கருவுக்குள்ளும் அது ஊடுருவி நிற்கிறது. இது வெறும் கணிதக் கற்பனை என்று கருதுவோருக்கு பெரிலியம்-7 விடை சொல்லும். அதன் அணுக்கரு தன் சொந்த எலக்ட்ரான்களுள் ஒன்றைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு லித்தியம்-7 ஆக மாறுகிறது. இம்மாற்றத்தின் அரைவாழ்வுக்காலம், அதாவது இருப்பதில் பாதி மாற ஆகும் காலம், 53 நாள். எலக்ட்ரான் ஒரு வட்டத்தில் தொலைவாகவே சுற்றிக்கொண்டிருந்தால், அணுக்கரு கைநீட்டிப் பிடிக்க அதற்குக் கையா இருக்கிறது?

இனி, கட்டுரையில் தடித்த எழுத்தில் இடம்பெற்ற, 'அணுவில் 99.99 விழுக்காடு வெற்றிடமே. நாம் காணும் திண்மை ஒரு மாயை' என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். படிப்பவரை வியக்கவைக்கும் வாக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெற்றிடம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஆல்ஃபா துகள்கள் தகட்டைத் தடையின்றித் துளைத்துச் சென்றதிலிருந்து வந்தது. ஆல்ஃபா துகள் எலக்ட்ரானைவிட 7,000 மடங்குக்கு மேல் கனமானது. எலக்ட்ரான் மேகம் அதற்கு ஒரு பொருட்டே அன்று. ஆகவே ஆல்ஃபா துகளைக் கேட்டால் அணு வெறும் வெளி என்று சொல்லும். அதே கேள்வியை இன்னோர் அணுவிடம் கேட்டால் விடை மாறும். இரண்டு அணுக்கள் நெருங்கும்போது அவற்றின் எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று தாராளமாக ஏறிக்கொள்ள இயலாது. ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்று 1925இல் பவுலி வகுத்த தவிர்ப்புத் தத்துவம் அதைத் தடுக்கிறது. உள்ளடுக்கில் இரண்டு நிலைகளே உண்டு; கார்பனின் ஆறு எலக்ட்ரான்களில் இரண்டு மட்டும் அங்கே இருக்க, மற்ற நான்கும் அடுத்த அடுக்குக்கு வந்து நிற்பதற்கும் அதே தத்துவமே காரணம். அந்த நான்கினால்தான் கார்பன் வேதியியலில் இத்தனை பிணைப்புகளை ஏற்படுத்துகிறது. திண்மை என்பது மாயையன்று. அது பவுலியின் தத்துவமும் மின்விலக்கமும் சேர்ந்து நடத்தும் மெய்யான காரியம். பெருமளவு பொருள் தானே உள்நோக்கி நொறுங்கிவிடாமல் இருப்பதற்கு இந்தத் தத்துவம் இன்றியமையாதது என்பதை டைசனும் லெனார்டும் 1967இல் கணிதமுறையில் நிறுவினார்கள். வட்டங்களை வரைந்து நடுவே வெள்ளைத் தாளை விட்டதால்தான் அந்த வெள்ளை 'வெற்றிடம்' என்று படிக்கப்பட்டது. மேகமாக வரைந்திருந்தால் வெற்றிடம் எங்கே என்று தேட வேண்டியிருந்திருக்கும்.

அணுவும் அசையாது என்ற வழக்கு ஒன்று நம்மிடம் உண்டு. இயற்பியல்படி அசையாத அணு என்று ஒன்று இல்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன். அடைத்தால் உந்தம் கூடும் என்ற அதே விதி முழு அணுவுக்கும் பொருந்துவதால், வெப்பநிலையின் மிகத் தாழ்ந்த எல்லையான தனிச் சுழியை எட்டினாலும் அசைவு முற்றிலும் அடங்குவதில்லை. ஹீலியத்தை எவ்வளவு குளிரவைத்தாலும், 25 வளிமண்டல அழுத்தமாவது கொடுத்தாலன்றி அது உறைய மறுப்பது இதனால்தான்.

அடுத்து, எல்லா அணுக்கருக்களிலும் புரோட்டான்களும் நியூட்ரான்களும் சம எண்ணிக்கையில் இருக்கும் என்ற கூற்று. படத்துக்குக் கார்பனைத் தேர்ந்தெடுத்ததால் வந்த பிழை என்று ஊகிக்கிறேன். கார்பன்-12இல் இரண்டும் ஆறாறு. ஆனால் அணுக்களில் மிக எளியதான சாதாரண ஹைட்ரஜனில் நியூட்ரானே கிடையாது. தங்கத்தில் புரோட்டான் 79, நியூட்ரான் 118. யுரேனியம்-238இல் 92-க்கு 146. இரண்டும் சமமாக இருந்து நிலைத்துநிற்கும் அணுக்கருக்களில் மிகக் கனமானது கால்சியம்-40. அதற்கப்பால் நியூட்ரான்கள் கூடிக்கொண்டே போக வேண்டியிருப்பதற்குக் காரணம், அணுக்கருவுக்குள் நடக்கும் இழுபறி. புரோட்டான்கள் ஒன்றையொன்று மின்விசையால் விலக்குகின்றன. அந்த விலக்கம் அணுக்கரு முழுவதும் எட்டும். அவற்றைப் பிணைத்துவைக்கும் அணுக்கரு விசை பன்மடங்கு வலியது, ஆனால் பக்கத்திலிருக்கும் துகளைத் தாண்டி அதிகம் எட்டாது. புரோட்டான் எண்ணிக்கை கூடக் கூட விலக்கம் விரைந்து வளர்கிறது, பிணைப்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. விலக்கத்தைக் கூட்டாமல் பிணைப்பை மட்டும் கூட்டக்கூடியது மின்சுமையற்ற நியூட்ரான். அதன் பணி நிறையைக் கூட்டுவது மட்டுமே என்று கட்டுரை சொல்வது அதற்கு இழைக்கப்பட்ட அநீதி. ஈயத்தைத் தாண்டினால் நியூட்ரான்களாலும் நிரந்தரமாகக் காக்க முடிவதில்லை. அதற்கு மேற்பட்ட எல்லா அணுக்கருக்களும் விரைவிலோ தாமதமாகவோ சிதைபவையே.

மின்சுமை இல்லாததாலேயே நியூட்ரான் பிடிபடுவதற்கும் காலதாமதமாயிற்று. 1932இல் சாட்விக், பெரிலியத்தின்மேல் ஆல்ஃபா துகள்களைச் செலுத்தும்போது வெளிப்படும் கதிர், பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களைத் தட்டி வெளியேற்றுவதை அளந்து, அந்தக் கதிரில் இருப்பது ஒளியன்று, புரோட்டானுக்கு ஏறக்குறையச் சமமான நிறையுள்ள நடுநிலைத் துகள் என்று காட்டினார். இரண்டுக்கும் நிறை சமம் என்று கட்டுரை எழுதியிருப்பது ஏறக்குறையச் சரி. நியூட்ரான் புரோட்டானைவிட 0.14 விழுக்காடு மட்டும் கனம். அந்த இம்மியளவு கூடுதலால்தான் அணுக்கருவை விட்டு வெளியே வந்த நியூட்ரான் சராசரியாக ஏறத்தாழ 15 நிமிடங்களில் சிதைந்து புரோட்டானாகிவிடுகிறது. புரோட்டான் சிதைந்ததை இதுவரை எவரும் கண்டதில்லை. நிறையின் வேறுபாடு எதிர்த்திசையில் அமைந்து, புரோட்டான் கனமாக இருந்திருந்தால், ஹைட்ரஜன் என்ற தனிமமே நிலைத்திருக்காது.

எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் மூன்றும் 'அடிப்படைத் துகள்கள்' என்று கட்டுரை சொல்வதையும் திருத்த வேண்டும். எலக்ட்ரானுக்கு உட்கூறுகள் இருப்பதாக எந்தச் சோதனையும் இன்றுவரை காட்டவில்லை. அதை அடிப்படைத் துகள் எனலாம். மற்ற இரண்டும் அப்படியல்ல. 1964இல் கெல்மனும் ஸ்வைக்கும் தனித்தனியே முன்வைத்த, புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உட்கூறுகளான குவார்க்குகளின் தடயம், 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கியில், எலக்ட்ரான்கள் புரோட்டானுக்குள் புள்ளி போன்ற எவற்றின்மீதோ மோதித் தெறித்தபோது தெரிந்தது. ரூதர்ஃபோர்டின் சோதனையே இன்னும் ஆழத்தில் மறுபடி நிகழ்ந்ததாகக் கொள்ளலாம். புரோட்டான் இரண்டு மேல் குவார்க்குகளும் ஒரு கீழ்க் குவார்க்கும் கொண்டது. நியூட்ரான் ஒரு மேல் குவார்க்கும் இரண்டு கீழ்க் குவார்க்குகளும். ஆனால் அந்த மூன்று குவார்க்குகளின் தனி நிறைகளைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். மீதி 99 பங்கும் குவார்க்குகளின் இயக்கத்திலும் அவற்றைப் பிணைக்கும் குளுவான் புலத்திலும் அடங்கிய ஆற்றலே. பள்ளி மாணவர்களுக்கு இது வேண்டியதில்லை என்று கருதினால் விட்டுவிடலாம். 'அடிப்படை' என்ற ஒரு சொல்லை மட்டும் நீக்கினால் அந்த வாக்கியம் பிழையற்றதாகிவிடும்.

சொற்களைப் பற்றியும் ஒரு முறையீடு. கட்டுரையின் முதல் பத்தியில் 'எலக்ட்ரான்', நான்காம் பத்தியில் 'எதிர்மின்னி', படத்தின் குறிப்பில் 'மின்னணு' என்று மூன்று பெயர்கள் வருகின்றன. மூன்றும் ஒன்றுதான் என்று எங்கும் சொல்லப்படவில்லை. புதிதாகப் படிக்கும் சிறுவன் மூன்று துகள்கள் என்றுதான் எண்ணுவான். இலங்கைப் பாடநூல்களில் பயின்றவர்களுக்கு 'இலத்திரன்' என்ற நான்காம் பெயரும் உண்டு. எதைக் கையாண்டாலும் ஒன்றையே கையாளுங்கள் என்பதுதான் என் கருத்து. ஆனால் 'மின்னணு' என்ற சொல்லை மட்டும் இந்தத் தொடரிலாவது தவிர்ப்பது நல்லது. எலக்ட்ரான் அணுவின் ஓர் உறுப்பு; அதை அணு என்ற சொல்லால் குறித்தால், அணுவுக்குள் அணு இருக்கிறது என்றாகிறது. 'உயிரணு', 'வெள்ளையணு' ஆகியவற்றாலும் இதே குழப்பம் விளைவதை வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறேன். ஓர் உயிரணுவில் ஏறத்தாழ ஒரு கோடி கோடி அணுக்கள் இருக்கின்றன. உயிரணு ஓர் அணுவின் வகை என்று எண்ணிக்கொண்டு மேல்வகுப்புக்கு வருபவர்கள் எப்போதும் உண்டு. பொதுவழக்கில் வேரூன்றிய சொற்களைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை; முதல்முறை வரும் இடத்தில் ஒரு விளக்கம் கொடுத்தால் போதும்.

அணுவை எவரும் கண்டதில்லை என்று கட்டுரை முடிகிறது. இதுவும் பழைய செய்தி. 1981இல் சூரிச்சில் பின்னிக்கும் ரோரரும் உருவாக்கிய வருடும் ஊடுருவல் நுண்ணோக்கி, ஒரு பரப்பின்மேல் உள்ள அணுக்களைத் தனித்தனியே காட்டுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியால் பார்ப்பதன்று அது. மிகக் கூரிய முனை ஒன்று பரப்பைத் தொடாமல் நகர, இடைவெளியைக் கடக்கும் எலக்ட்ரான்களின் மின்னோட்டத்தை அளந்து மேடுபள்ளங்களை வரைவது. 1989இல் அதே கருவியைக் கொண்டு 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒரு நிறுவனத்தின் பெயரையே எழுதிக் காட்டினார்கள். அந்தப் படங்களில் ஒவ்வோர் அணுவும் வழவழப்பான ஒரு மேடு. வட்டமும் இல்லை, மணியும் இல்லை.

அடுத்த இதழில் வேதிப் பிணைப்பு இடம்பெறும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்குமுன் படத்தை மாற்றிவிடுவது நல்லது. ஏனெனில் பிணைப்பு என்பது மேகங்கள் கலந்து பகிரப்படுவது, வட்டங்களைக் கொண்டு அதை விளக்கப் புகுந்தால் மேலும் பல பொய்களைச் சேர்க்க வேண்டிவரும். மாற்றுப் படம் வரைவது ஓவியருக்குக் கடினமான வேலையன்று. மென்மையாக மங்கிச் செல்லும் ஓர் உருண்டை. எலக்ட்ரான் இருக்க வாய்ப்பு மிகுந்த இடத்தில் புள்ளிகள் அடர்த்தியாகவும், குறைந்த இடத்தில் தளர்வாகவும். நடுவில் அணுக்கருவை வரையாமல், 'இந்த அளவில் அணுக்கரு கண்ணுக்குத் தெரியாது' என்று ஓர் அம்புக்குறி. போரின் வட்டங்களையும் போட விரும்பினால் பக்கத்தில் சிறிதாகப் போட்டு, 1913ஆம் ஆண்டின் மாதிரி என்று கீழே எழுதிவிடலாம். வரலாறு தெரிவதில் தவறில்லை.

பழைய படத்தையே மறுபடியும் அச்சிடுவது என்று முடிவெடுத்தால், ஒன்றை மட்டும் கவனிக்கவும். உள்வட்டத்தில் இரண்டு, வெளிவட்டத்தில் ஐந்து என அதில் ஏழு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அணுக்கருவில் புரோட்டான்களைக் குறிக்கும் சிவப்பு உருண்டைகள் ஆறுதான். கார்பன் அணு என்று குறிப்பிட்டிருக்கும் அது, ஓர் எலக்ட்ரான் கூடுதலாகப் பெற்ற எதிர்மின் அயனி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்